படத்தில் வரையாத பாகம்

வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றை யாராவது பெருமையோடு கொண்டுவந்து வைத்தால், நான் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். செய்தவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. முன்பக்கத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார். மனதுக்குப் பிடித்த குமிழைத் தேடிச் சென்னை ரிச்சி தெருவின் சந்துகளில் அலைந்திருப்பார். ஆனால் முன்பக்கம் வருகிறவர்களுக்காகச் செய்யப்படுவது. செய்தவர் எப்படிப்பட்டவர் என்பது பின்பக்கத்தில்தான் தெரியும். கரண்ட் நுழையும் இடத்துக்கும் பாட்டு நுழையும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட்டிருக்கிறார், ஸ்பீக்கர் முனைகளை விரலால் திருக இடம் இருக்கிறதா, ஃப்யூஸ் போனால் மூடியைக் கழற்ற வேண்டுமா, இடது வலது என்று எழுதியிருப்பது நிமிர்ந்து நிற்பவர் கண்ணுக்குத் தெரியுமா. இவ்வளவைப் பார்த்தாலே உள்ளே ஒயர்கள் எப்படி ஓடுகின்றன என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

சர்க்யூட்டைப் பற்றிப் பேச நம்மிடம் எப்போதும் ஆள் உண்டு. எந்த டிரான்சிஸ்டர் உசத்தி, எந்தக் கண்டென்சர் போட்டால் பேஸ் இறுக்கமாக வரும் என்று விடிய விடியப் பேசுவார்கள். பெட்டி என்றதும், "அதைக் கடைசியில பார்த்துக்கலாம்" என்று எழுந்துவிடுவார்கள். நான் இதற்கு எதிர்க்கட்சி. எல்.எம். 3886 என்ற ஒற்றை ஐசி, சரியான சப்ளை கொடுத்தால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 68 வாட் வரை தருகிறது. கூடவே வேண்டியது ஒரு கைப்பிடிச் சில்லறைப் பாகங்கள். போர்டு அச்சடித்தே கிடைக்கிறது. ஒரே போர்டு, ஒரே ஐசி, ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஆனாலும் ஒரு வீட்டில் பாட்டு இல்லாத நேரத்தில் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருக்கும், இன்னொரு வீட்டில் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று காதை ஸ்பீக்கரில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்று கோடையில் அரை மணியில் மயங்கிவிழும், மற்றது மூன்று வேளையும் பாடும். வெப்பமும் இரைச்சலும் ஷாக்கும் பெட்டியின் கையில் இருக்கின்றன. சர்க்யூட் படத்தில் வரையாமல் விட்ட பாகம் பெட்டிதான்.

வரையாமல் விடுவது பழைய வழக்கமும்கூட. 1947 ஏப்ரலில் லண்டனிலிருந்து வந்த 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் தன் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டார். கே.டி. 66 வால்வு இரண்டு, 15 வாட். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை எப்படிச் சுற்ற வேண்டும் என்பதுவரை விளக்கியிருந்தார். உலகம் முழுக்க வீடுகளில் அதைக் கட்டினார்கள். போர் முடிந்து ராணுவத்தின் பழைய சாமான்கள் மலிவாகக் கிடைத்த காலம். கிடைத்த தகட்டில் கட்டினார்கள். அப்போதைய சேஸிஸ்கள் (பாகங்களைத் தாங்கும் தகட்டுச் சட்டங்கள்) பலவற்றைப் படத்தில் பார்த்தால் ஒரு மேஜை முழுக்கப் பரவிக் கிடக்கும், சப்ளை ஒரு பக்கம், ஆம்ப் ஒரு பக்கம்.

அதே கே.டி. 66 ஜோடி, அதே 15 வாட்டை வைத்துக்கொண்டு பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1953இல் குவாட் 2 என்ற ஒன்றை வெளியிட்டது. இது கடைச் சரக்குதான், வீட்டில் செய்ததல்ல. ஆனால் சேஸிஸ் கட்ட நினைக்கிற எவரும் அதன் படத்தை முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. ஓர் அடிக்குச் சற்றே கூடுதலான நீளம், அரை அடியும் இல்லாத அகலம். கனமான இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் இரண்டு முனைகளில், வால்வுகள் நடுவில். தூக்குகிறவர் இரு கைகளாலும் இரு முனைகளையும் பிடிப்பார், பாரம் சமமாக இறங்கும், கை கண்ணாடிப் பக்கமே போகாது. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒன்றுக்கொன்று தொல்லை கொடுக்க முடியாத தூரத்தில். அதில் அலங்காரம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனால் எழுபது ஆண்டுகளாக அதன் வடிவத்தைப் பார்த்து ஆட்கள் கிறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது. அந்த அழகு அதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

வால்வு ஆம்ப் கட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எனக்கு இந்தக் கலையிலேயே மிகப் பிடித்த காரியம் அது. தகட்டில் துளை போடுவதற்கு முன்னால், மெயின் டிரான்ஸ்ஃபார்மரையும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் தகட்டின்மேல் சும்மா தூக்கி வைப்பார்கள். மெயினுக்கு மட்டும் கரண்ட். மற்ற முனைகளையெல்லாம் டேப் சுற்றி மூடிவிடுவார்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஹெட்போனை இணைத்துக் காதில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஒயர் தொடர்பு எதுவும் இல்லை, ஆனாலும் காதில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். ஒன்றிலிருந்து கசியும் காந்தப்புலம் மற்றதைத் தொட்டு எழுப்புகிற சத்தம். இப்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு கோணத்தில் ரீங்காரம் பெருகும், இன்னும் திருப்பினால் இறங்கும், இரண்டின் காயில் அச்சும் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும் இடத்தில் சட்டென்று அடங்கிவிடும். அரை அங்குலம் தள்ளி வைத்தால் மீண்டும் எட்டிப்பார்க்கும். அடங்கிய இடத்தில் பென்சிலால் சுற்றி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள்தான் துளை.

இதை மரப்பலகையில் வைத்துச் செய்தால் பயனில்லை. இரும்புத் தகடு காந்தப்புலத்தைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். பலகையில் அடங்கிய இடம் தகட்டில் அடங்காது. எந்தத் தகட்டில் கட்டப்போகிறோமோ அதிலேயே வைத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கட்டிய ஒரு சேஸிஸில் டிரான்ஸ்ஃபார்மர் கோணலாக, பார்ப்பதற்குக் கொஞ்சம் அசட்டுத்தனமாகக்கூட நிற்கும். தெரியாதவர், "ஏன் சார், நேரா வெச்சிருக்கலாமே" என்பார். தெரிந்தவர் அந்தக் கோணலைப் பார்த்துவிட்டு, செய்தவரை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்.

நடுவில் ஓட்டை உள்ள வட்டமான டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் வந்த பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. கசிவு குறைவு, உயரமும் குறைவு; ஒல்லியான பெட்டிகள் சாத்தியமானதற்கு அதுதான் காரணம். ஆனால் டொராய்டுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. அதன் ஓட்டை வழியாக ஒரு நீள போல்ட்டை விட்டுத்தான் பெட்டியின் அடித்தகட்டில் இறுக்குகிறோம். அந்த போல்ட்டின் தலை, பெட்டியின் மேல்மூடியைத் தொட்டுவிட்டால் போச்சு. போல்ட், மூடி, பக்கத் தகடு, அடித்தகடு எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுக் காயிலாக மாறிவிடும். அந்த ஒரு சுற்றில் கிளம்பும் வோல்ட்டேஜ் பெரும்பாலும் அரை வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் தடையே இல்லாத பாதை என்பதால் கரண்ட் கட்டுக்கடங்காமல் பாயும். ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் சரியில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். மேஜையில் மூடி இல்லாமல் மாதக்கணக்கில் அருமையாகப் பாடிய ஆம்ப், மூடியை மாட்டிய அன்றைக்குக் கருகுவதற்கு இது ஒரு காரணம். மூடிக்கும் போல்ட் தலைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று, பெட்டியை வாங்கும்போதே உயரத்தைக் கணக்குப் போடுவது நல்ல கைக்கு அடையாளம்.

வெப்பத்துக்கு வருகிறேன். ஜான் லின்ஸ்லி ஹுட் 1969 ஏப்ரலில், அதே 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் 10 வாட் கிளாஸ் ஏ ஆம்ப் ஒன்றை எழுதினார். ஒரு சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர். எளிமை என்றால் அப்படி ஓர் எளிமை. இன்றும் கட்டுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர் ஓட வேண்டும் என்பது கணக்கு. பெருக்கினால் ஒரு சேனலுக்கு 32 வாட். கிளாஸ் ஏ என்பதால் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு சேனலுக்கு 60 வாட்டைத் தாண்டுகிறது. அந்த வெப்பமெல்லாம் ஹீட்சிங்க் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறுகிற ஹீட்சிங்க் ஒன்றைச் சேனலுக்கு ஒன்றாகப் போட்டால், அது அறையின் வெப்பத்தைவிட 32 டிகிரி கூடுதலாக இருக்கும். 20 டிகிரி லண்டன் அறையில் 52. கை வைத்தால் சில நொடி தாங்கும். சென்னையில் மே மாதம், ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அதே ஹீட்சிங்க் 68. கை வைக்கவே முடியாது. வெளிநாட்டுக்காரர் சொன்ன அளவை அப்படியே எடுத்து இங்கே கட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான். நம் ஊர்ப் பெட்டிக்கு ஹீட்சிங்க் ஒரு பங்கு பெரிதாகவே இருக்க வேண்டும், அதாவது பெட்டியும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் ஹீட்சிங்கைப் பெட்டிக்குள் ஒளித்துவைப்பதில்லை. பெட்டியின் பக்கச் சுவர்களாகவே அதை நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவின் நெல்சன் பாஸ் தன் சர்க்யூட்டுகளை வீட்டில் கட்டுகிறவர்களுக்கு வாரிக் கொடுத்தவர். அவற்றைக் கட்டிய பெட்டிகளில் பெரும்பாலும் இந்த அமைப்பைத்தான் பார்க்கலாம். இரு பக்கமும் கறுத்த இறக்கைகள், முன்னால் வெறும் தகடு. இறக்கைகள் செங்குத்தாக நிற்க வேண்டும், காற்று கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போவதற்கு. படுக்கையாக வைத்த இறக்கைகளைப் பார்த்தால் எனக்கு உள்ளூரப் பற்றிக்கொண்டு வரும். கறுப்பு அனோடைசிங்கும் அழகுக்காக மட்டுமல்ல. பளபளக்கும் வெற்று அலுமினியம் வெப்பத்தைக் கதிராக விடுவதில் கஞ்சன்; அனோடைஸ் செய்தது தாராளம்.

ஹீட்சிங்க் உள்ளேதான் என்றால் அடித்தகட்டில் அதற்கு நேர் கீழே துளைகள், மூடியில் நேர் மேலே துளைகள். பழைய ஓட்டு வீட்டின் புகைக்கூண்டு வேலை செய்யும் விதம்தான். மூடியில் மட்டும் வரிசை வரிசையாகத் துளை போட்டுவிட்டு, அடியில் ஒன்றும் இல்லாத பெட்டிகள் ஏராளம். காற்று வெளியேற வேண்டுமானால் முதலில் உள்ளே வர வேண்டும். கால் குமிழ்களும் இதே கணக்கில் சேர்த்தி: கால் அங்குல ரப்பர் ஒட்டினால் அடித்துளைகள் மேஜையோடு அடைத்துக்கொள்ளும், முக்கால் அங்குலம் நல்லது.

துளை எவ்வளவு பெரிது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு கேள்வி உண்டு; எந்த ஐரோப்பியக் கையேட்டிலும் அதைப் பார்க்க முடியாது. பல்லி. கதகதப்பான, இருட்டான, பூச்சி வருகிற இடம் என்றால் அதற்குப் போதும். 230 வோல்ட் இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே அது நீட்டிப் படுத்தால் அதற்கும் முடிவு, ஆம்புக்கும் முடிவு. எறும்பு இன்னும் தந்திரமானது. ரிலேயின் தொடுமுனைகளுக்குள் போய் நசுங்கி, ஒரு சேனல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும்படி செய்துவிடும். ஸ்பீக்கர் ஒயர், இணைப்பு, போர்டு என்று எல்லாவற்றையும் சந்தேகித்துக் கடைசியில்தான் எறும்பிடம் போய்ச் சேருவோம். 3 மில்லிமீட்டர் துளைகளை நெருக்கமாகப் போட்டால் பல்லிக்கு வழியில்லை. எறும்புக்கு உள்ளே மெல்லிய வலை. வலை போட்டால் காற்று குறையும், துளைகளின் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். மெயின் கரண்ட் முனைகள் எல்லாவற்றுக்கும் உறை போடுவது மனிதக் கைக்காக மட்டுமல்ல.

இரும்பா அலுமினியமா என்ற சண்டைக்குத் தீர்ப்பே கிடையாது. 18 கேஜ், 16 கேஜ் எம்.எஸ். தகடு மலிவு, வளைக்கலாம், வெல்டிங் வைக்கலாம், 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைக் கொஞ்சம் தடுத்தும் தரும். கடற்கரை ஊர்களில் பவுடர் கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் வழியே துரு உள்ளே ஊர்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்து தானும் அதிரும் கெட்ட பழக்கமும் உண்டு. அலுமினியம் துருப்பிடிக்காது, வீட்டில் அரமும் கை டிரில்லும் கொண்டே வேலை செய்யலாம், வெப்பத்தைப் பரப்பும். ஆனால் மெல்லிய அலுமினியம் அந்த 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. என் ஓட்டு அலுமினியத்துக்கு, அதாவது கனமான அலுமினியத்துக்கு. டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் ஓர் இரும்பு மறைப்பு.

அலுமினியத்தில் ஒரு பொறி இருக்கிறது. அனோடைஸ் செய்த மேற்பரப்பு உண்மையில் அலுமினியம் ஆக்சைடு. அது மின்சாரத்தைக் கடத்தாது. நன்றாகத் திருகி இறுக்கிய ஆறு தகடுகளின்மேல் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பாருங்கள், பல நேரம் தொடர்பே காட்டாது. கண்ணுக்கு ஒரே பெட்டி, கரண்டுக்கு ஆறு தனித்தனித் தகடுகள். எர்த் ஒயரை அடித்தகட்டில் மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், முன்பக்கத் தகட்டுக்கு அந்தப் பாதுகாப்பு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தகட்டிலும் திருகு உட்காரும் இடத்தை உள்பக்கமாக உப்புத்தாளால் வெள்ளையாகும்வரை சுரண்ட வேண்டும். பச்சை மஞ்சள் ஒயருக்கென்று தனி போல்ட், பல் வாஷர், அதன்மேல் நட். அந்த போல்ட்டில் வேறு எதையும் கட்டக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கும் போல்ட்டையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. யாராவது மூடியைத் திறந்து காட்டும்போது, பெயின்ட் சுரண்டிய அந்த நாலணா அளவு வெள்ளை வட்டம் கண்ணில் பட்டால், மற்றதையெல்லாம் நான் அன்போடுதான் பார்ப்பேன். (வீட்டுச் சுவரிலுள்ள மூன்றாவது துளைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்பது வேறு கதை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.)

மரம் என்றால் எனக்கும் சபலம் உண்டு. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் ரேடியோக்களின் மெருகேறிய கேபினெட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, பாட்டு என்பது மரத்துக்குள்ளிருந்து வருவது. ஆனால் ஆம்புக்கு முழு மரப்பெட்டி செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. மரம் வெப்பத்தை விடாது. வெளியிலிருந்து வரும் மின்புலத்தைத் தடுக்காது, உள்பக்கம் முழுக்கத் தகடு ஒட்ட வேண்டிவரும். அவுட்புட் வால்வின் கண்ணாடி 200 டிகிரியை நெருங்கக்கூடியது என்பதையும் யோசிக்க வேண்டும். உலோக சேஸிஸுக்கு இரு பக்கமும் தேக்குப் பலகை, அவ்வளவுதான் மரத்துக்கு நான் கொடுக்கும் இடம். அதிலும் ஆசாரி சொல்லித்தான் தெரிய வேண்டிய சங்கதி ஒன்று உண்டு: ஈரக்காற்றில் மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, அகலவாக்கில்தான் உப்பும். தகட்டில் திருகுத் துளையை வட்டமாகப் போட்டு இறுக்கிவிட்டால் ஐப்பசியில் பலகை உப்பி வளையும். துளையை நீள்வட்டமாக, நாருக்குக் குறுக்காகப் போட வேண்டும். திருகு அதற்குள் நகர்ந்து கொடுக்கும்.

முன்பக்கத்தை ரொம்பப் புகழ்ந்து பேச எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் ஒரு விஷயம். பத்து மில்லிமீட்டர் தடித்த அலுமினிய முகப்பு போடும் ஆசை பலருக்கும் வருகிறது. வால்யூம் கன்ட்ரோலின் மரை அவ்வளவு நீளம் இருக்காது, நட் பிடிக்காது. பின்பக்கமாகத் தகட்டைக் குடைந்தாக வேண்டும். இதற்கு ஒரு நேர்த்தியான மாற்று வழி உண்டு. வால்யூம் கன்ட்ரோலையே பெட்டியின் பின்பகுதியில், பாட்டு நுழையும் சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டு, அங்கிருந்து முன்பக்கம்வரை ஒரு நீளத் தண்டு. குமிழ் முன்னால் சுழலும், வேலை பின்னால் நடக்கும். நலிந்த சிக்னல் பெட்டியின் நீளம் முழுக்கப் போய்த் திரும்பி, வழியில் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. தண்டு கொஞ்சம் கோணினாலும் குமிழ் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் இளகும் என்பதால், இதைப் பிசகில்லாமல் செய்கிறவர் கை தேர்ந்தவர்தான். கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முள் அசையும் வி.யு. மீட்டர் பிடிக்கும் என்றால், முள்ளின் நடையைப் பார்த்து வாங்க வேண்டும். 1939இல் அமெரிக்காவில் அதற்கு வகுத்த இலக்கணப்படி முள் தன் இடத்துக்கு வந்துசேர ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு எடுக்கும். அந்தச் சோம்பல்தான் அதன் கம்பீரம். மலிவு மீட்டர்கள் ஒவ்வொரு அடிக்கும் துள்ளி விழும். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்; விளக்கணைத்த அறையில் ஆம்பின் நெற்றியிலிருந்து அது கண்ணைக் குத்தும்போது பரிசைத் திருப்பிக் கேட்கத் தோன்றும். 1 கே ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 22 கே போட்டால் தீர்ந்தது.

வாங்காத பெட்டிகளுக்கும் ஒரு மரியாதை உண்டு. அமெரிக்காவில் சூ மோய் என்பவர் 1990களின் கடைசியில் வெளியிட்ட சின்னஞ்சிறு ஹெட்போன் ஆம்பை, உலகம் முழுக்க மின்ட் மிட்டாய் தகர டப்பாவில் கட்டினார்கள். 9 வோல்ட் பேட்டரியும் போர்டும் அதில் கச்சிதமாக உட்கார்ந்தன; தகரம் என்பதால் இரைச்சலுக்கும் தடுப்பு. நம் பக்கத்தில் அந்த இடம் பழைய ஸ்டெபிலைசர் பெட்டிக்கு. யோசித்துப் பார்த்தால் அது ஆம்புக்கென்றே பிறந்தது: கனத்த டிரான்ஸ்ஃபார்மரைத் தாங்கும் அடித்தகடு, காற்றுத் துளை, கரண்ட் ஒயர் நுழைய ரப்பர் வளையம், முன்னால் சுவிட்ச். மீட்டர் இருந்த சதுர ஓட்டையை என்ன செய்வது என்பதில்தான் கற்பனை வேண்டும். கம்ப்யூட்டர் சப்ளை பெட்டி சிறியது, ஆனால் தகடு நல்லது. டிவிடி பிளேயர் பெட்டி ஒல்லி, உள்ளே டொராய்டு உட்காராது, சிறிய டி.டி.ஏ. 2030 போர்டுக்குப் பொருந்தும். அந்த ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது என்பதால், பெட்டிச் சுவரிலேயே திருகுகிறவர்கள் நடுவில் மைக்கா வைக்க மறக்கக் கூடாது.

ரிச்சி தெருவில் துளை போட்டு, முகப்பு மாட்டி, ஆயத்தமாகக் கிடைக்கும் கேபினெட்டுகளைப் பார்த்து முகம் சுளிக்கிற ரசிகர்கள் உண்டு. கறுப்பு பிளாஸ்டிக் முகப்பு, வரிசையாக ஏழெட்டுக் குமிழ்கள், யு.எஸ்.பி.க்கு ஒரு சதுரம், எல்லாவற்றைச் சுற்றியும் ஒரு பொன் கோடு. தகடு மெலிவு என்பது உண்மை. ஆனால் சிறு ஊரில் கடை வைத்து ஆம்ப் கட்டி விற்கிறவருக்கு அது ஒரு நாள் வேலையை மிச்சம் பிடித்துத் தருகிறது. இதைவிட எனக்கு நெருக்கமானவை சவுண்ட் சர்வீஸ்காரர்களின் பழைய இரும்புப் பெட்டிகள். இரு பக்கமும் கைப்பிடி. இருட்டில் பந்தலுக்குப் பின்னால் நின்று தடவிப் பார்த்தே திருப்பக்கூடிய பெரிய குமிழ்கள். சொரசொரப்பான ஹாமர்டோன் பெயின்ட். லாரியில் ஏறி இறங்குகையில் விழும் அடிகளை அது வெளியே காட்டாது. மேல்மூடியில் பெயின்டர் எழுதிய கடையின் பெயர், ஓரத்தில் ஒரு பூ. ஆடி மாதம் முழுக்க வெயிலிலும் தூறலிலும் கிடந்து பாட வேண்டிய ஒன்றுக்கு அதைவிடப் பொருத்தமான உடம்பை நான் பார்த்ததில்லை.

இதற்கு நேர் எதிர் முனையில் ஜப்பானிய 47 லேப்ஸ் 1999இல் கொண்டுவந்த கெயின்கார்டு. உள்ளங்கைக்குச் சற்றே பெரிய அலுமினியப் பெட்டி, சப்ளை தனியாக ஓர் உருளையில். விலை ஆளை அடிக்கும். திறந்து பார்த்தவர்கள் உள்ளே எல்.எம். 3875 என்ற சாதாரண ஐசியும் விரல்விட்டு எண்ணும் பாகங்களும் இருப்பதைக் கண்டு கொதித்தார்கள். கொதித்த கையோடு அதைப் போலவே வீட்டில் கட்டவும் தொடங்கினார்கள். பெட்டிக்குத்தான் காசு வாங்கினார்கள் என்று அன்று கேலி பேசினார்கள். வாங்கட்டுமே. பாகங்களை ஒன்றையொன்று உரசும்படி நெருக்கி, சிக்னல் போகும் தூரத்தை மில்லிமீட்டர் கணக்குக்குக் கொண்டுவர அந்தச் சின்னப் பெட்டி தேவைப்பட்டது. பெரிய பெட்டியில் பரப்பி வைத்திருந்தால் அது வேறு ஆம்ப்.

இன்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் லேசர் கட்டிங் செய்து தருகிறார்கள். துளைகள் எல்லாம் மயிரிழை பிசகாமல் வரும். சென்டர் பஞ்ச் அடித்து, டிரில் போட்டு, அரத்தால் ராவி ராவி ஒரு சதுர ஓட்டையைக் கொண்டுவந்த காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய வரம். வளைக்கிற இடத்தில்தான் இன்னும் மனிதர் வேண்டும். அம்பத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பெண்டிங் பட்டறையில் வரைபடத்தை நீட்டினால் முதல் கேள்வி, "உள்ளளவா வெளியளவா தம்பி?" என்றுதான் வரும். 1.6 மில்லிமீட்டர் தகட்டில் உள்ளே 200 வேண்டுமென்றால் வெளியே 203.2. இதை யோசிக்காமல் வரைந்தால் மூடி உட்காராது. வளைவுக்கு மிக அருகில் துளை வைத்திருந்தாலும் அவர் விரலால் சுட்டிக்காட்டுவார், வளைக்கும்போது அது முட்டைபோல இழுபடும் என்று. 430 மில்லிமீட்டர் அகலம் வைத்திருந்தால், அது 19 அங்குல ரேக்குக்குள் நுழையும் அளவு என்றும் அவருக்குத் தெரிந்திருக்கும், யு.பி.எஸ். பெட்டிகள் எத்தனையோ வளைத்த கை.

கடைசியாக மூடி. எட்டுத் திருகுக்குத் துளை போட்டிருப்பார்கள். இரண்டுதான் மாட்டியிருக்கும், அதுவும் எதிரெதிர் மூலையில். வீட்டில் கட்டுகிற யாரைப் பார்த்தாலும் இதே கதைதான். அடுத்த வாரம் ஒரு கண்டென்சரை மாற்றிப் பார்க்க வேண்டும், பயாஸை இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்க வேண்டும், எப்படியும் திறக்கத்தான் போகிறோம், எதற்கு எட்டு? மீதி ஆறு திருகுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். பேஸ் வரும்போது மூடி மெல்ல அதிர்கிறது, வோல்ட்டேஜ் இருக்கும் பெட்டியின் ஓரத்தைக் குழந்தை விரலால் நெம்பிவிடலாம், எர்த் தொடர்பும் அரைகுறை. நான்கையாவது போடுங்கள்.